விமானப் போஸ்டரில் ஒரு கதாநாயகி

யாராவது கருத்துச் சொன்னால் மறுத்துப் பேச எனக்கு வராது. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் "சட்டை உங்களுக்கு எடுப்பா இல்லையே" என்றால் போதும், வீட்டுக்கு வந்ததும் அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவேன். (மறுநாள் இன்னொருவர் "அந்த நீலச் சட்டை எங்கே காணோம்" என்று கேட்டால் திரும்பவும் எடுத்துப் போட்டுக்கொள்வேன்.)

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், கோவில்பதாகை ஏரிக்குக் கீழே இருந்த நிலங்களில் கூலிக்கு உழுதவர். தொழிற்சாலைகள் வந்த பிறகு மூட்டை தூக்கப் போனார். அம்மா நாற்று நட்டவர். நான் சிலேட்டில் எதை எழுதிக் காட்டினாலும் இரண்டு பேரும் "நல்லா கீது" என்பார்கள். கணக்கு தப்பாக இருந்தாலும் நல்லா கீது. அடுத்த தெருவில் ஒரு அப்பா தன் பையன் காதைத் திருகி வாய்ப்பாடு கேட்பதை வாசலில் நின்று ஏக்கத்தோடு பார்ப்பேன். என் காதைத் திருக ஆளில்லை. அதனால்தானோ என்னவோ, என் வேலையைப் பார்த்து ஒருவர் "இது சரியில்லை" என்றால் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷம்தான் கைக்கெட்டிய ஆகாயத்தைக் கெடுத்தது.

அறுபதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில், வரைபடப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க போல்ட்டு, நட்டு, வாஷர். வெளியே விமானச் சத்தம் கேட்டால் பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விடுவேன். விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். அதன் முதுகு எப்படி இருக்கும், அதில் உட்கார்ந்து பார்த்தால் எங்கள் ஏரி எப்படித் தெரியும், நைனா ஓயாமல் குனிந்து நிமிர்ந்த வயல்கள் மேலே இருப்பவனுக்கு எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றதில் பல வாஷர்கள் முட்டை வடிவத்தில் முடிந்திருக்கின்றன.

எங்கள் மனமகிழ் மன்றச் செயலாளர் சபேசன் சாருக்கும் விமானப் பைத்தியம். மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிச் சின்ன விமானங்கள் செய்து பறக்கவிடுவார். பட்டணத்தில் அவரைப் போலவே சிலர் இருந்தார்கள். எல்லோரும் ஒருநாள் கோவில்பதாகை ஏரியில் கூடுவதாக ஏற்பாடு. கோடையில் ஏரி வறண்டு பாளம் பாளமாகக் கிடக்கும். விழாவின் உச்சமாக, சாரின் நண்பரான ஒரு பைலட் தன் இரண்டு சீட்டு விமானத்தை ஏரித் தரையிலேயே இறக்கிக் காட்டுவார்.

சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமலை, போஸ்டர் நீதான் வரையணும். நூறு பேராவது வந்தாத்தான் நமக்கு மரியாதை. நல்ல கூட்டம் சேர்ந்துதுன்னா பைலட்கிட்ட சொல்லி உன்னைப் பின் சீட்டுல ஏத்தி ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்றேன்."

எனக்குக் கால் தரையில் இல்லை. (அன்றோடு சரி. அதன் பிறகு தரையில்தான்.)

"வரைஞ்சிட்டு அப்படியே கொண்டாந்துடாதே. கூட வேலை செய்யறவங்ககிட்ட காட்டு, என்ன தோணுதுன்னு கேளு, அதுக்குத் தகுந்த மாதிரி மாத்து" என்றார் சார். எதிலோ படித்திருப்பார் போலிருக்கிறது.

ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். தாள் முழுக்க நீலம். வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு விமானம். கீழே ஏரிக்கரையின் பனைமரங்கள் கோடு மாதிரி. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் ரொம்ப நேரம் வரைந்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்த ஒரே நல்ல படம் அது.

மறுநாள் ஆவடியில் ரயில் ஏறியதும் கபாலியிடம் காட்டினேன். கபாலி லேத் பிரிவு. புதுப்படம் எது வந்தாலும் முதல் நாள் பார்த்துவிட்டு இரண்டாம் நாள் நமக்கு நடித்துக் காட்டுவான்.

"இன்னா மச்சான், முக்காவாசி காலியா கீது?"

"அது ஆகாயம்டா."

"ஆகாயத்த நான் தலையத் தூக்கினா பாத்துக்கறேன். அதுக்கு எதுக்குப் போஸ்டரு? மூஞ்சி இல்லாத போஸ்டர மாடுகூட திங்காது மாமே. ஓட்டறவரு மூஞ்சியப் போடு. பெரிசா போடு. சுருட்ட முடி, அரும்பு மீசை, அப்டியே ஒரு லுக்கு."

எனக்கு நியாயமாகப் பட்டது. அன்று மாலையே பைலட் தாளின் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து பாஷா. பேக்கிங் பிரிவு. பூந்தமல்லியில் அவன் அப்பாவுக்கு அத்தர் கடை. சாப்பாட்டு வேளையில் படத்தை விரித்ததும், கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்த்தான்.

"ஆம்பள மூஞ்சிய எவன் திரும்பிப் பாப்பான் ஏழுமல? எங்க அத்தா கடையில பாட்டிலுக்கு மேல ரோசாப்பூ படம் ஒட்டியிருப்போம். வர்றவங்க பூவப் பாத்துத்தான் நிப்பாங்க, பாட்டிலப் பாத்து இல்ல. பக்கத்துல ஒரு பொண்ணப் போடு."

"விமானத்துக்கும் பொண்ணுக்கும் என்னடா சம்பந்தம்?"

"பூவுக்கும் பாட்டிலுக்கும் என்னா சம்பந்தம்? அப்புறம், 'அனுமதி இலவசம்'னு எழுதியிருக்கியே, அத எறும்பு படிக்கவா? கொட்ட எழுத்துல போடு."

போட்டேன். பெண் வந்தாள், பொட்டு வைத்தாள், பூ வைத்தாள். கேண்டீனில் ஒருவர் அவள் அழ வேண்டும் என்றார்; கண்ணீர் வந்தது. இன்னொருவர் சண்டை உண்டா என்று கேட்டார். பைலட்டின் நெற்றியில் ஒரு காயம் வந்தது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத திருத்தமெல்லாம் இப்போது வட்டியோடு கிடைப்பதாக நினைத்துப் பூரித்துப்போனேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் விமானம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சுருங்கி, கடைசியில் கதாநாயகியின் காதோரம் போய் நின்றது.

வீட்டில் நைனாவுக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா கீது. இதுல நீ எங்க கீற?"

"நான் படத்துல இல்ல நைனா. அன்னைக்கு நெசமாவே ஏறப்போறேன்."

"ஏறுவ இல்ல?" என்று மறுபடி கேட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அம்மா அன்று பூராவும் தண்ணீர்க் குழாயடியில் வருவோர் போவோரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சபேசன் சார் போஸ்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"விமானம் எங்கப்பா?"

"இதோ சார்."

"இது ஜிமிக்கி இல்லையா?"

"விமானம் சார்."

"எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்களா?"

"எல்லாரும் சார். ஒருத்தர் விடாம கேட்டுட்டேன்."

கேட்டு வா என்று சொன்னவர் அவர். அச்சகக்காரர் வேறு வாசலில் காத்திருந்தார். பெருமூச்சு விட்டு அனுப்பிவைத்தார். இரண்டே நாளில் பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை எந்த ஸ்டேஷன் சுவரைப் பார்த்தாலும் என் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள்.

விழா நாள். பைலட்டுகள் எப்படி உடுத்துவார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை இருந்தது. வெள்ளை முழுக்கால் சட்டை இரவல். மேலே குளிரும் என்று பாஷா சொன்னதால், மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலில் கழுத்தைச் சுற்றி மப்ளர். கண்ணுக்குக் காற்றடிக்கும் என்று கபாலி கொண்டுவந்து கொடுத்த வெல்டிங் கண்ணாடி. வாந்தி வரும் என்று எல்லோரும் சொன்னதால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஏரிக்கரை ஏறியதும் நின்றுவிட்டேன். நூறு பேராவது வரவேண்டும் என்று சார் கேட்டிருந்தார். கரையில் ஐஸ் வண்டிகள் மட்டுமே ஒரு வரிசைக்கு நின்றன. மாட்டு வண்டி, சைக்கிள், கூடை நிறையச் சோறு, கைக்குழந்தை. பட்டாபிராம், அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் காலியாகி எங்கள் ஏரிக்குள் இறங்கியிருந்தன.

விமானம் இறங்குவதற்காக சபேசன் சார் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு நீளக் கோடுகளும் நடுவில் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார். எங்கள் ஜனம் டென்ட் கொட்டாயில் மணலில் உட்கார்ந்து படம் பார்த்துப் பழகிய ஜனம். கோட்டைப் பார்த்ததும் அதற்குப் புரிந்துவிட்டது: தரை டிக்கெட். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாக, பாய் விரித்து, மண்ணைக் குவித்து மேடு செய்து, மிக ஒழுங்காக ஓடுபாதை நெடுக உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே ஒரு ஆள் இல்லை.

சார் மைக்கில் கெஞ்சினார். "பெரியோர்களே, தாய்மார்களே, கோட்டுக்குள்ளே விமானம் இறங்கணும். தயவுசெஞ்சு எழுந்து கரைக்குப் போங்க."

"எழுந்தா பின்னாடி கீறவன் வந்து குந்திக்குவான்" என்றது கூட்டம்.

பட்டணத்திலிருந்து வந்தவர்கள் காகித விமானங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கரையோரம் ஒண்டி நின்றார்கள். வேறு வழியில்லாமல் நானே கோட்டுக்குள் இறங்கி ஓடினேன். மப்ளரும் நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட வெல்டிங் கண்ணாடியுமாக.

கைதட்டல் எழுந்தது.

"வந்துட்டாருப்பா."

"இவரா ஈரோ? போஸ்டர்ல வேற மாதிரி கீறாரு."

"இவரு காமெடி. மப்ளரப் பாரு."

"ஐயா, எழுந்திருங்க. விமானம் வருது. உயிருக்கு ஆபத்து" என்று கும்பிட்டேன்.

"அண்ணாத்தே வசனம் சூப்பரா பேசறாரு" என்று ஒருவர் சொல்ல, நான் கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு அதிகமானது. இடுப்பில் குழந்தையோடு இருந்த ஒரு அம்மாள் மட்டும் சிரிக்காமல் என் சட்டையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணு எங்கப்பா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"அழுதுகினு இருந்துச்சே."

"அவங்க வரலைம்மா."

"வரலியா? பூந்தமல்லில இருந்து நடந்து வந்துகினு கீறேன். வராதவள இன்னாத்துக்கு வரஞ்சே?"

சட்டையை விடுவித்துக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினேன். அங்கே, ஓடுபாதையின் நட்டநடுவில், துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் என் நைனா.

"நைனா, நீயுமா? எழுந்திரு."

"விடியக்காலம் வந்து புடிச்ச எடம்டா. இங்க இருந்தாத்தான் நீ ஏறும்போது மூஞ்சி நல்லாத் தெரியும். நீ போய் ஏறிக்கோ, என்னப் பத்திக் கவலப்படாத."

அப்போதுதான் சத்தம் கேட்டது. தெற்கே ஒரு புள்ளி. பிறகு மஞ்சள் இறக்கை. கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. ஒரு கணம், அப்படியே விலகிப் போய்விடுவார்கள் என்று நம்பினேன். அவர்கள் விமானத்துக்கு நேர் கீழே ஓடினார்கள்.

பைலட் தாழ இறங்கினார். பனைமர உயரம்தான் இருக்கும். மேல்கூரை இல்லாத விமானம். கரையைத் தாண்டும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விமானத்தின் முதுகைப் பார்த்தேன். பின் சீட்டையும் பார்த்தேன். காலியாக இருந்தது. அதன் பழுப்புத் தோலுறையில் வெயில் விழுந்திருந்தது. வார்ப்பட்டை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் எனக்கான இடம் என்னைத் தாண்டிப் போனது.

இறங்க இடம் தேடி ஊரையே சுற்றிச் சுற்றி வந்தார் பைலட். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் அவரோடு சேர்ந்து ஓடியது. கடைசியில் இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு வந்த வழியே போய்விட்டார். புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்டிங் கண்ணாடியை அப்போதுதான் கண்ணுக்கு இறக்கிக்கொண்டேன். கண்ணில் எதையும் யாரும் பார்க்காதபடி அது நல்ல கறுப்பு.

கபாலி தோளில் கை போட்டான். "கூட்டம் பாத்தியா மாமே? வெள்ளி விழாக் கூட்டம். மூஞ்சி போடச் சொன்னது யாரு?"

"பொண்ணு" என்றான் பாஷா. "பொண்ணுக்குத்தான் கூட்டம்."

சபேசன் சார் மைக்கை அணைத்துவிட்டு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவரும் அந்தத் தெற்குத் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல வரைஞ்சது எப்படிப்பா இருந்தது?"

"வெறும் ஆகாயம் சார்."

"ம்" என்றார்.

நானும் நைனாவும் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு; பின்னால் தெருப் பெண்கள் கூட்டமாக.

"வந்துட்டான் பாரு. பயமா இருந்துச்சாடா மேல?"

"நான் போகலம்மா. விமானம் இறங்கவே இல்ல."

"யாருகிட்ட கத வுடற? நம்ம ஊட்டு மேலயே எத்தினி தபா சுத்தின. நான் முந்தானிய வீசி வீசிக் காட்டினேன். நீ கூட கைய ஆட்டினியே."

"அது பைலட்டும்மா."

"ஊரு பேரு தெரியாத மனுசன் எனக்கு எதுக்குடா கை ஆட்டறான்? எம்புள்ள கை எனக்குத் தெரியாதா?"

நைனாவைச் சாட்சிக்கு அழைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கூட்டத்துல எனக்குச் சரியாத் தெரில" என்றார்.

அம்மா கடைசி வரை நம்பவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "ஏரோப்ளேன்ல போனவன்" என்றுதான் சொன்னார். (நான் எழுந்து மறுத்தேன். அடக்கமான பையன் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டு கிடைத்தது.) பேரப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே போகும் ஒவ்வொரு விமானத்தையும் காட்டி, "அதோ பாரு, உங்கப்பன் போறான், டாட்டா காட்டு" என்று சோறூட்டினார்.

அம்மா போய்விட்டார். பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு மேலே சத்தம் கேட்டால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்கள். "அப்பா போறாரு, அப்பா போறாரு" என்று கத்திக் கையாட்டுகிறார்கள். பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து நானும் அண்ணாந்து பார்க்கிறேன். கொஞ்ச நேரம் பொறுத்து, யாரும் பார்க்காதபோது, நானும் கையாட்டுகிறேன்.