ரேடியோ சொன்னது, எனக்கு வேலை இல்லையாம்!

வேலை கிடைத்தால் தெருவுக்கே சர்க்கரை கொடுப்பார்கள். வேலை இல்லை என்பதற்காகச் சர்க்கரை கொடுத்த குடும்பம் ஆரணியில் எங்களுடையது ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தெருவில் பி.ஏ. முடித்த முதல் பெண் நான். (எந்த வகுப்பில் தேறினேன் என்று கேட்காதீர்கள்.) அப்பா பட்டுப்புடவை நெய்பவர். முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார். அப்பா நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். நான் வேலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருந்தபடியே காலையிலும் மாலையிலும் தறிக்குத் தார் சுற்றுவேன், அதாவது குறுக்கே ஓடும் ஊடைக்கான பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவேன். நடுவில் அறுந்த இழைகளை முடிவேன். இதையெல்லாம் வேலை என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

பதிவைப் புதுப்பிக்க வேலூர் போனபோது, அலுவலக வாசலில் வானொலிக்காரர் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு நின்றிருந்தார். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி நிகழ்ச்சியாம். மைக்கைக் கண்டதும் வரிசையே பின்வாங்கியது. நான் முன்னால் போய் நின்றேன்.

“பகலெல்லாம் என்ன செய்வீங்கம்மா?”

பட்டதாரி போய், தார் சுற்றுகிறேன் என்றா ரேடியோவில் சொல்வது? கல்லூரிப் பேச்சுப் போட்டிக் குரலை வரவழைத்துக்கொண்டேன். “விடிந்தாலும் சுவர், அடைந்தாலும் சுவர்! கைகட்டி அமர்ந்திருக்கிறேன் ஐயா. இந்தக் கைகளுக்கு வேலையே இல்லை!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். (பஸ் கிளப்பிய தூசியாகவும் இருக்கலாம்.)

அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. ஒரு வாரம் தார் பக்கமே போகவில்லை. போனால் பேட்டி பொய்யாகிவிடுமே!

ஒலிபரப்பு நாளன்று அப்பா டிரான்சிஸ்டரை முழுச் சத்தத்தில் வைத்தார். அக்கம்பக்கமெல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டது. பதிவு செய்து காத்திருப்பவர்கள் இத்தனை லட்சம் என்று சொன்ன அறிவிப்பாளர், “அவர்களில் ஒருவர் ஆரணிப் பட்டதாரி கோமதி” என்றார். அடுத்து என் குரலிலேயே சுவரும் கட்டிய கைகளும் வந்தன.

“அத்தினி லட்சத்துல நம்ம பொண்ணு பேரைத்தான் சொன்னான்!” என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அம்மா சர்க்கரை டப்பாவோடு வந்தாள்.

வாயில் சர்க்கரை கரைவதற்குள் முதலாளியின் சைக்கிள் வந்து நின்றது. அவர் வீட்டிலும் ரேடியோ உண்டு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

“இன்னாய்யா, கல்யாணப் பொடவை எங்கன்னா, தார் சுத்த ஆள் இல்லன்னு சொல்லிகினு இருந்தே. உன் பொண்ணு சுவத்தப் பாத்துகினு சும்மா குந்திகினு இருக்குதாமே! அடுத்த பாவு வேற வீட்டுக்குத்தான்.”

பாவு, அதாவது தறியில் ஏற்ற அவர் தரும் நெடுக்கு நூல், கைமாறினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. நான் குறுக்கே புகுந்தேன். “அது அப்படி இல்லீங்க. ஆபீஸ்ல பதிஞ்சவங்களை எண்ணி ரேடியோவுல சொல்றாங்க. வீட்டுல அவங்க இன்னா செய்யறாங்கன்னு அந்தக் கணக்குல வராதுங்க.”

“ரேடியோக்காரன் கேட்டான்ல? நீதானேம்மா கையைக் கட்டிகினு கீறேன்னு சொன்னே?”

பட்டதாரி மெல்ல அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

முதலாளி எதிரில் குரல் உயர்த்தியே அறியாத அப்பா அன்று உயர்த்தினார். “ரேடியோவுல ஆயிரம் சொல்லட்டுங்க. ஒரு வாரம் இவ கையைக் கட்டினா, என் தறி நின்னுபோச்சு. இவ வேலை செய்யறவளா இல்லையான்னு அந்தத் தறியைக் கேளுங்க!”

முதலாளி ஓடாத தறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “சரி சரி, ஜல்தியா முடிங்க” என்று சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போனார். விரல் நுனி தேயத் தேயத் தார் சுற்றினேன். புடவை முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நாளில், வீடு வீடாகக் கணக்கெடுக்கும் அரசாங்க ஊழியர் ஒருவர் வந்தார். “வேலை செய்யறவங்க எத்தனை பேரு?” என்றார். எப்போதும் ‘நான் ஒருத்தன்’ என்று சொல்லும் அப்பா, “மூணு பேரு. நான், என் சம்சாரம், என் பொண்ணு” என்றார். கூலி வாங்காவிட்டாலும் குடும்பத் தொழிலில் கைகொடுத்தால் வேலையில் இருப்பவர்தான் என்று சொல்லி, அவரும் எழுதிக்கொண்டார். ஆக, வேலூர் கணக்கில் நான் வேலையில்லாதவள். இந்தக் கணக்கில் வேலை செய்பவள். செய்தியில் எந்தக் கணக்கு வந்தாலும் அதில் நான் உண்டு!

அப்பாவுக்கு இரண்டாவது கணக்கு மட்டுமே நினைவில் தங்கியது. கண்ணமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு இன்னா பண்ணுது?” என்று கேட்டார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கவர்மெண்டு கணக்குல வேலையில கீறா” என்றார்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து மாமனார் மெல்லக் கேட்டார். “ஏம்மா, உனக்கு லீவு எப்ப முடியுது?”

இப்போது பேரப்பிள்ளைகள் எடுத்தாகிவிட்டது. இன்றும் புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, “அம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டால், என் கணவர் முகம் மாறாமல் சொல்வார்: “கவர்மெண்ட் வேலைங்க. லீவுல கீறாங்க.”