கல்யாணமான கிராமபோன்

பிரின்ஸிபால் கல்யாணராமன் நாற்காலியை விட்டு எழுந்தபோது, சர்க்கார் அனுப்பிய இங்கிலீஷ் பாடம் அதில் மூன்று துண்டாகக் கிடந்தது.

"ஏதோ அப்பளம் நொறுங்கினாப்பல சத்தம் கேட்டுதே ஓய்," என்றார்.

"அது கிராமபோன் பிளேட் சார்," என்றார் இங்கிலீஷ் வாத்தியார் ஆம்ப்ரோஸ்.

"பிளேட்டைக் கொண்டுவந்து நாற்காலியில வெப்பாளா?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. மேஜையில வெச்சா யாராவது கை வெச்சுடுவாங்க, என் நாற்காலியில யாரும் உட்கார மாட்டாங்கன்னு."

கல்யாணராமன் யோசித்துப் பார்த்தார். சொன்னது உண்மைதான். "யாரும்னு சொன்னேனே தவிர, நானும் உட்கார மாட்டேன்னு சொல்லலையே," என்றார். இலக்கண சுத்தமான மனிதர்.

இது நடந்தது 1946-இல், மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களுக்கே இங்கிலீஷ் காதில் விழுந்தால் புரிவதில்லை, வாயைத் திறந்தால் வருவதில்லை என்று சர்க்காருக்குத் திடீரென்று தெரிந்துவிட்டது. பட்டணத்து ஒன்பது பயிற்சிப் பள்ளிகளுக்கும் தலா ஒரு கிராமபோன் பெட்டி, ஒரு பிளேட், ஒரு பாடப் புத்தகம் அனுப்பினார்கள். பிளேட்டில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி பேசுவாள். நிறுத்துவாள். வாத்தியார்கள் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

சர்க்காருக்குத் தெரிந்தது தவறும் இல்லை. பயிற்சிக்கு வந்திருந்த ஷரஃபுதீன் திருவல்லிக்கேணியில் பதினைந்து வருஷமாக இங்கிலீஷ் நடத்தியவர். நாலு வரி வாக்கியத்தைக் கொடுத்தால் நரம்பு நரம்பாகப் பிரித்துவிடுவார். முதல் நாள் ஆம்ப்ரோஸ் அவரைப் பார்த்து "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டபோது, எழுந்து நின்று, "வினா வாக்கியம் சார். 'யூ' எழுவாய்," என்றார்.

பிளேட் வந்தது அன்று காலையில்தான். நடுவில் சர்க்கார் முத்திரையோடு 'பாடம் 1, கேட்டலும் பேசுதலும்' என்று டைப் அடித்த லேபிள். இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்கவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் கல்வி இலாகா அதிகாரி பென்ட்லி துரை நேரில் வந்து, பிளேட்டை வைத்து ஆம்ப்ரோஸ் நடத்தும் பாடத்தைப் பார்க்கப் போகிறார். துரைக்குப் பிடித்தால் ஆம்ப்ரோஸுக்கு இந்த வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பெல்லாரிக்கு மாற்றல். உத்தரவு டைப் ஆகி, கையெழுத்துக்குக் காத்திருப்பதாகக் கல்யாணராமனே சொல்லியிருந்தார்.

"ஆபீஸ் அரக்கு இருக்கோன்னோ? உருக்கி ஒட்டும்," என்றார் கல்யாணராமன்.

ஆம்ப்ரோஸ் ஒட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் பிளேட் மாதிரியே இருந்தது. பெட்டியில் வைத்துச் சாவி கொடுத்து ஊசியை இறக்கினார். ஊசி முதல் அரக்கு மேட்டில் முட்டி ஒடிந்து ஜன்னல் பக்கம் பறந்தது. பள்ளியில் இருந்தது அந்த ஒரே ஊசி. யுத்தம் முடிந்தும் கடையில் ஊசி கிடைக்காத காலம்.

"இப்ப ஊசியும் போச்சு," என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீர் அழுத்தி வெச்சிருப்பீர்," என்றார் கல்யாணராமன்.

சாயங்காலம் சாந்தோம் வீட்டில் ஆம்ப்ரோஸ் காபியைத் தொடவில்லை. மனைவி வெரோனிகா பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஐரிஷ் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஒரு கான்வென்ட்டில் நாலு வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். கல்யாணம் என்று சொன்னதும் ஒரு மாதா படத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"பிளேட்டுல பேசறது எல்லாம் இதுல அச்சாகியிருக்குங்களே," என்றாள்.

"அச்சாகியிருந்து என்ன? பேசறதுக்குப் பிளேட் இல்லையே."

"பெல்லாரியில கடல் இருக்கா?"

"இல்ல."

"மீன்?"

"எங்கிருந்து வரும்?"

"அப்ப நானே பேசறேன்," என்றாள் வெரோனிகா.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே, யுத்த காலத்தில் ஜன்னலை மூட வாங்கிய கறுப்புத் துணி வகுப்பு மூலையில் திரையாகத் தொங்கியது. திரைக்கு முன்னால் மேஜையில் கிராமபோன். பின்னால் ஒரு ஸ்டூல், வெரோனிகா, புத்தகம். மடியில் சல்லடையும் ரேஷன் அரிசியும். ஊசி உரசும் சத்தத்துக்காகச் சலிக்க வேண்டும். ரேஷன் அரிசியில் கல் அதிகம் என்பதால் சத்தம் அசலாகவே இருந்தது.

"நான் ஒரு தடவை இருமினா ஆரம்பிக்கணும். ரெண்டு தடவை இருமினா நிறுத்தணும்," என்றார் கல்யாணராமன், திரையைப் பார்த்து.

"நீங்க பொடி போடுவீங்களே சார்," என்றது திரை.

"இன்னிக்குப் போட மாட்டேன்."

இந்த ஏற்பாடு பயிற்சி வாத்தியார்கள் இருபது பேருக்கும் தெரியாது. துரை வருவதைப் பார்த்துச் சொல்ல, அவர்களில் முத்துலட்சுமி டீச்சரை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் அந்த அம்மாள் ஓடிவந்தாள்.

"சார், வெள்ளைத்துரை வந்துட்டாரு."

கல்யாணராமன் பதறிப்போய் இருமினார். "பாடம் ஒன்று, ரயில்வே ஸ்டேஷனில்," என்று கிராமபோன் கணீரென்று இங்கிலீஷில் ஆரம்பித்தது.

உள்ளே வந்தது துரை இல்லை. தலைப்பாகையும் மார்பில் சிவப்புப் பட்டையும், ஒரு மரப்பெட்டியுமாகத் துரையின் டவாலிச் சேவகன் நின்றான்.

"நீ யாருப்பா?"

"வெள்ளைத்துரை சார். என் பேரே அதான். வெள்ளைத்துரை வந்துகீறான்னு சொல்லும்மான்னேன், அந்தம்மா எட்த்துச்சு ஓட்டம்." அவன் கண் கிராமபோன் பெட்டியின் மேல் போனது. அப்புறம் ஆம்ப்ரோஸின் கையில் இருந்த பிளேட்டின் மேல் போனது. "இன்னா சார் இது. பிளேட்டு கையில கீது, பொட்டி பேசுது?"

கல்யாணராமன் அவசரமாக இரண்டு தடவை இருமினார். பெட்டி வாயை மூடியது.

"முன்னாடி போட்டதோட மிச்சம்," என்றார் ஆம்ப்ரோஸ்.

வெள்ளைத்துரை மரப்பெட்டியைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அதற்குள் நிஜத் துரை வந்துவிட்டார். நெட்டையாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கப் போகிற முகத்தோடு வந்தார்.

"நாங்கள் அனுப்பிய பிளேட்டைப் போட்டுக் கேட்டீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நேற்றிலிருந்து பதினேழு தடவை சார்," என்றார் கல்யாணராமன்.

"அப்படியா? எப்படி இருந்தது?"

"அருமையான இங்கிலீஷ் சார். அந்த அம்மாள் ராஜ வம்சமாக இருக்க வேண்டும்."

துரை மரப்பெட்டியைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. ஆம்ப்ரோஸின் கையில் இருந்த பிளேட்டின் லேபிளைக் குனிந்து படித்தார். "இதே பிளேட்தானா?" என்றார்.

"சாட்சாத் இதேதான் சார்."

துரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். "அப்படியானால் நான் கட்டாயம் கேட்க வேண்டும்," என்றார்.

ஆம்ப்ரோஸ் பிளேட்டை வைத்துச் சாவி கொடுத்தார். பெட்டியின் ஊசியில்லாத கையை மெதுவாக இறக்கினார். கல்யாணராமன் இருமினார். சர்ரென்று அரிசி சலிக்கும் சத்தம், பிறகு குரல். ரயில் எப்போது புறப்படும் என்று அது இங்கிலீஷில் கேட்டு நிறுத்தியது. ஆம்ப்ரோஸ் ஷரஃபுதீனைக் காட்டினார்.

ஷரஃபுதீன் எழுந்தார். "வென் டஸ் தி டிரெயின் லிவ்?"

புத்தகத்தில் அடுத்த வரி, டிக்கெட் எங்கே கிடைக்கும் என்பது. ஆனால் திரைக்குப் பின்னால் இருந்தது நாலு வருஷம் தப்பைத் திருத்திப் பழகிய காது.

"லிவ் இல்லை, லீவ்," என்றது கிராமபோன். "லிவ் என்றால் உயிர் வாழ்வது. ரயில் உயிர் வாழாது, புறப்படும். இழுத்துச் சொல்லுங்கள்."

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டார். பெல்லாரி ஸ்டேஷன் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஷரஃபுதீன் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. சர்க்கார் மெஷின், இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தார். மனுஷன் திருத்தினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்கு முன்னால் என்ன வெட்கம்? "லீவ்," என்றார். "லீ...வ்."

"நன்றாக இருக்கிறது," என்றது பெட்டி.

பதினைந்து வருஷத்தில் ஷரஃபுதீனின் இங்கிலீஷை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. புத்தகத்தில் இல்லாத கேள்வியாக, தன் சொந்த இங்கிலீஷில், "அம்மா, எந்தப் பிளாட்பாரம்?" என்று பெட்டியையே கேட்டார். பெட்டி பதில் சொன்னது. உடனே முத்துலட்சுமி எழுந்து, பெண்கள் பெட்டி முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. பின் வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள். போர்ட்டர் கூலி, பால் கிடைக்கும் ஸ்டேஷன், வண்டி தாமதம் என்று ஒருவர் வாயை ஒருவர் அடக்கிக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார்கள். வினா வாக்கியம், எழுவாய் எல்லாம் யாருக்கும் ஞாபகத்திலேயே இல்லை.

துரை பென்சிலால் மேஜையைக் காட்டினார். "பிளேட் நின்றுவிட்டதே."

நிஜம்தான். சாவி தீர்ந்து பிளேட் அசையாமல் கிடந்தது. குரல் மட்டும் அரக்கோணத்தில் வண்டி மாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"ஓடின வேகம் சார், சட்டென்று அடங்காது," என்றார் கல்யாணராமன். அவருக்கு நிஜமாகவே இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குரல் நின்றது, கிளம்பியது, நின்றது. ஆம்ப்ரோஸ் பாய்ந்து சாவியைப் பிடித்துத் திருப்ப ஆரம்பித்தார்.

துரை எழுந்து பெட்டிக்கு நேராக வந்து நின்றார். "குட் மார்னிங், கிராமபோன்," என்றார்.

கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்த பெண். பெரியவர்கள் வணக்கம் சொல்லும்போது பேசாமல் இருக்கத் தெரியாது.

"குட் மார்னிங், சார்," என்றது கிராமபோன்.

கல்யாணராமன் மடியிலிருந்து பொடி டப்பியை எடுத்துவிட்டார்.

"நீ எவ்வளவு காலமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாய்?"

திரைக்குப் பின்னால் அரிசிச் சத்தம் நின்றது. "நாலு வருஷம் சார். எனக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும்."

கிராமபோனுக்குக் கல்யாணம் ஆன செய்தி வகுப்பில் எல்லாருக்கும் புதிது. ஷரஃபுதீன் முத்துலட்சுமியைப் பார்த்தார்.

"யாரோடு?" என்றார் துரை, முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல்.

"எனக்குப் பக்கத்தில் சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறாரே, அவரோடு."

ஆம்ப்ரோஸ் சாவியை விட்டார்.

"அப்புறம் ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை?"

"கல்யாணமானவர்களை வைத்துக்கொள்வதில்லை என்றார்கள் சார். எனக்கு ரொம்ப வருத்தம்தான். வேலைதான் இல்லையே தவிர, நான் ஒன்றும் மறக்கவில்லை."

துரை பள்ளியின் பார்வையாளர் புத்தகத்தை வாங்கி நாலைந்து வரி எழுதினார். திரைப் பக்கம் போகவே இல்லை. வாசல் வரை போனவர் திரும்பி, கிராமபோனைப் பார்த்துத் தொப்பியை உயர்த்தி வணங்கிவிட்டுக் காருக்குப் போனார்.

கல்யாணராமன் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். "ஆம்ப்ரோஸ் இதே பள்ளிக்கூடத்துல நிரந்தரம். பெல்லாரி உத்தரவு ரத்து. இந்தக் கிராமபோனை ஜூன் ஒண்ணாந்தேதியிலேர்ந்து ஒன்பது பள்ளிகளுக்கும் பேச்சு இங்கிலீஷ் போதகரா நியமிக்கறேன். கல்யாணம் ஆனது தடையில்லை."

திரையை விலக்கிக்கொண்டு வெரோனிகா வெளியே வந்தாள். தலையெல்லாம் அரிசி மாவு. புத்தகத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். "ஒன்பது ஸ்கூல்," என்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்ததும் ஷரஃபுதீன் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு எழுந்து நின்று, "ஹவ் ஆர் யூ, மேடம்?" என்றார், யாரும் கேட்காமலே. வகுப்பே கைதட்டியது.

ஆம்ப்ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னிக்கு வஞ்சிரம் வாங்கிடணும்," என்று மட்டும் சொன்னார்.

"நான் இருமினதுலதான் கடைசியில கண்டுபிடிச்சுட்டார்," என்றார் கல்யாணராமன் பெருமையாக. "அதுவரைக்கும், முக்கால் மணி நேரம், ஒரு வெள்ளைக்காரனை உட்கார வெச்சு ஏமாத்திண்டிருந்தோம் பார்த்தீரோ? அந்தப் பிளேட்டேதான் பேசறதுன்னு சத்தியமா நம்பிட்டார்."

வெள்ளைத்துரை எழுந்து, உட்கார்ந்திருந்த மரப்பெட்டியைத் திறந்து, புதுப் பிளேட் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். "இதுக்கு ஒரு கையெய்த்துப் போட்டுட்டு பழச குடு சார், வாபஸ் வாங்கிக்கினு போவணும்," என்றான்.

"பழசை ஏன்யா திருப்பி வாங்கறேள்?"

"ஆபீஸ்ல லேபிளை மாத்தி ஒட்டிட்டாங்கோ சார். எட்டு இஸ்கூல்ல போட்டதும் நாயனம் ஊதிச்சு. இங்கிலீசு பேசின நாயனம் இது ஒண்ணுதான்."