சின்ன பேட்டரி விஷயமாக மாமாவுக்கு

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் சின்ன மாப்பிள்ளை எழுதுவது. வணக்கம். அத்தையிடமும் என் வணக்கத்தைச் சொல்லவும். இங்கே உங்கள் மகள் நலம். அவள் அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடும் செடிகள் நலம். செடிகளை ஏற்றிப் போகும் வேன் இப்போது நலம். மீதி இருப்பது நான். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அத்தை திருப்பிக் கூப்பிட்டபோது நான் குளியலறையில் இருந்ததாக உங்கள் மகள் சொன்னாள் அல்லவா? போன் அடித்த பிறகுதான் உள்ளே போனேன்.

போன மாதம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மகள் அப்போது வாடிக்கையாளரோடு போனில் இருந்தாள். மேசையில் நீங்கள், நான், சகலை. நீங்கள் கேட்டீர்கள்: "மாப்பிள்ளை, நிக்கிற வண்டில லைட்டைப் போட்டுட்டு மணிக்கணக்கா படிக்கிறீங்களே, சின்ன பேட்டரி இறங்கிடாதா? மூணு வருஷம் ஆச்சு. மாத்திடலாமே?"

முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்தவரின் கேள்வி. நான் தத்துவத்தில் முதுகலை. பதில் தயாராக இருந்தது.

"மாமா, இது கரண்ட் வண்டி. கீழ தரை முழுக்க பேட்டரிதான். சின்ன பேட்டரியெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. இதுல அப்படி ஒண்ணு எதுக்கு? இந்த லைட்டு அஞ்சு வாட்டு. ஐந்நூறு நாள் எரியும்." காகிதக் கைக்குட்டையில் வகுத்துக் காட்டினேன். கணக்கு சரி. இன்று வரை சரி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க டிப்போ ஞானத்தை வச்சுக்கிட்டு இதையெல்லாம் அளக்கக் கூடாது மாமா. அது தீர்ந்து போன காலம்." சகலை சிரித்தார். சகலை சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவருடைய கார் என் மனைவியின் வேனைவிடப் புதிது.

நீங்களும் தலையை ஆட்டிச் சிரித்தீர்கள். எழுந்து போய் உங்கள் டம்ளரை நீங்களே கழுவிக் கவிழ்த்தீர்கள். பத்து நாள் தங்குவதாக வந்தவர் மறுநாள் காலையிலேயே பெரிய மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அந்த டம்ளரில் நான் இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை. அது அப்படியே கவிழ்ந்திருக்கிறது.

நீங்கள் போனபின் வேனின் முன்சீட்டில் என் புத்தகங்கள் உயரவாரியாக அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். யார் கலைத்தது என்று உங்கள் மகளிடம் கத்தினேன். இதையும் எழுதிவிடுகிறேன். எதையும் விடப்போவதில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை. சார்ஜ் போடும் இடத்தில் வண்டி தொண்ணூற்றிரண்டு சதவீதம் ஏறி நின்றது. பின்னால் நான்கு வண்டிகள். ஒரு அத்தியாயம் பாக்கி இருந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டு அதை முடித்தேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன். டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. ரிமோட்டை அழுத்தினால் பேச்சு மூச்சு இல்லை. சார்ஜ் வயரை இழுத்தால் வரவில்லை, அது உள்ளேயே பூட்டிக்கொண்டுவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டவன் இலையை விட்டு எழ மாட்டேன் என்று உட்கார்ந்த மாதிரி வண்டி உட்கார்ந்திருக்கு, நான் அதன் கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி வயரை இழுக்கிறேன், பின்னாடி ஒரு அம்மா, "பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிடப் போகணும், எடுங்க சார்"னு ஹாரன் மேல கையை வச்சது வச்சபடி நிக்கிறாங்க.

ஒரு டாக்சிக்காரர் இறங்கி வந்தார். "சின்ன பேட்டரி போயிருக்கும் தம்பி."

மாமா, அவரிடமும் நான் அதே கணக்கைச் சொன்னேன். அஞ்சு வாட்டு. ஐந்நூறு நாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்போ இன்னும் நானூத்தித் தொண்ணூத்தொம்பது நாள் இங்கதான் நிப்பீங்களா?"

ஒரு மணி நேரம் கழித்து உதவி வண்டி வந்தது. மெக்கானிக் ஒரு பெண். என் ரிமோட்டை வாங்கி, அதன் முதுகைத் தள்ளி, உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவியை உருவினார். மூன்று வருடமாக என் பாக்கெட்டில் இருந்த சாவி. நான் பார்த்ததே இல்லை.

"புத்தகத்துல போட்டிருக்கே சார். வண்டி வாங்கும்போது குடுப்பாங்களே?"

"படிக்கலை."

கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார். "மத்ததெல்லாம் படிச்சிருக்கீங்க போல."

சீட்டைத் தூக்க வேண்டும் என்றார். இருபத்திரண்டு புத்தகங்களை நடைபாதையில் இறக்கினேன். டாக்சிக்காரர் ஒன்றை எடுத்துப் பிரித்து, நிதானமாகப் புரட்டிவிட்டு, "இதுல பேட்டரி பத்தி ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். ஹாரன் அடித்த அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

சீட்டுக்கு அடியில் ஒரு மூடி. அதற்குள் சின்ன பேட்டரி. அதன் மேல் வெள்ளை டேப். டேப்பில் உங்கள் கையெழுத்து. நீங்கள் கிளம்பிய காலையின் தேதி. "11.8 வோல்ட். இறங்குமுகம். மாற்றணும். மாப்பிள்ளையிடம் சொல்லியாச்சு."

நான் அப்படிப் பேசிய பிறகும் நீங்கள் கீழே இறங்கிப் போய், என் புத்தகங்களை எடுத்து வைத்து, அளந்து, எழுதி, திரும்ப அடுக்கியிருக்கிறீர்கள்.

"விவரம் தெரிஞ்சவங்க யாரோ பார்த்திருக்காங்களே. யாரு?" என்றார் மெக்கானிக்.

"மாமனார்."

"சொல்லியுமா?"

அவரே விளக்கினார். பெரிய பேட்டரி ஓட்டத்துக்கு மட்டும். கதவு, விளக்கு, திரை எல்லாம் சின்னதின் பொறுப்பு. பெரியதைத் தட்டி எழுப்புவதும் அதுதான். சின்னது செத்தால், பெரியது எவ்வளவு நிறைந்திருந்தாலும் அதுவாக எழுந்து வராது. ஒரு பெட்டியிலிருந்து இரண்டு வயர் கொடுத்து உயிர் ஊட்டினார். சார்ஜ் வயர் கழன்றது. நின்றவர்கள் கைதட்டினார்கள். திட்டியிருக்கலாம்.

மாற்றும் வேலையை நானே செய்வது என்று முடிவு செய்தேன். தண்டனை மாதிரி. கடைக்காரர், "பிளஸ் எந்தப் பக்கம் சார்?" என்றார். ஏதோ ஒரு பக்கம் இருக்கும், குடுங்க என்றேன். வீட்டு வாசலில் வண்டியை அணைத்து, கருப்பு வயரை முதலில் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி, அப்புறம் சிவப்பு, பக்கத்தில் வாயு போகும் ஒரு மெல்லிய குழாய், எல்லாம் மெக்கானிக் சொன்ன வரிசையில்தான் மாமா, பழசைத் தூக்கினேன், அது அளவுக்கு மீறிக் கனத்தது, என் கால் கட்டைவிரல் மேலேயே வச்சேன், புதுசை இறக்கினேன், சிவப்பு வயர் நாலு விரல் எட்டலை. இழுத்துப் பார்த்தேன். எட்டலை. பிளஸ் அந்தப் பக்கம் இருக்கு. நொண்டிக்கிட்டே திரும்பக் கடைக்குப் போனா, அவர் மாத்து பேட்டரியை எடுத்து வெளியிலேயே வச்சிருக்கார். "வருவீங்கன்னு தெரியும் சார்."

சிவப்பு முதலில், கருப்பு கடைசியில். வண்டியின் எல்லா விளக்கும் ஒருமுறை மின்னியது. நான் அழவில்லை. அழுததாக உங்கள் மகள் சொல்வாள்.

மாமா, அது தீர்ந்து போன காலம் என்று சொன்னதை நான் திரும்ப எடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்கத்தான் முடியும். கேட்கிறேன். மீதி ஒன்பது நாளைக்கு வாருங்கள். நீங்கள் வராவிட்டால், அது ஏன் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் ஆசி இந்த முகவரிக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில்,

தலைகுனிந்து,
சின்ன மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையில் போடும்முன் உங்கள் மகள் வாங்கிப் படித்தாள். இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அப்பாவோட காது மெஷின் அன்னிக்கு ரிப்பேர்ல கிடந்துச்சுங்க! நீங்க பேசினதுல ஒரு வார்த்தை கேட்டிருக்காது. நீங்க சரின்னுட்டதா நினைச்சுதான் 'சொல்லியாச்சு'ன்னு எழுதியிருக்காரு. அவர் போனது நம்ம சோஃபாவால. முதுகு பிடிச்சுக்கிச்சு." நீங்கள் காதில் மெஷின் வைப்பவர் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மூன்று வருட மருமகன். அவள் மேலும் சொன்னாள்: "சின்ன மாப்பிள்ளை எவ்வளவு பொறுமையா எழுதிக் காட்டி விளக்குறாருன்னு அக்கா வீட்ல பெருமையாப் பேசியிருக்காரு. இதைக் கிழிச்சுப் போடுங்க. அவருக்குத் தெரியவே வேணாம்."

கிழிக்கத்தான் எடுத்தேன். நீங்கள் பெருமைப்பட்ட அந்த மாப்பிள்ளையாகவே இருந்துவிடலாம். யாருக்கும் எதுவும் குறையாது. மதியம் முழுக்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தபால்தலை ஒட்டிவிட்டேன். சோஃபாவையும் மாற்றிவிடுகிறேன், இதைப் படித்த பிறகும் நீங்கள் வருவதாக இருந்தால்.