சம்பந்திக்குத் தண்ணீர் காட்டிய கதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்களும் மாடுகளும் நலம். அங்கே உங்கள் நலமறிய ஆவல். உங்கள் கோபத்தின் நலத்தை விசாரிக்கத்தான் பயமாக இருக்கிறது.

"இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். தப்பு உங்கள் மீது இல்லை. நம்முடையது மாடுகளைக் கொழுக்க வைக்கும் பண்ணை; ஒன்று இருமினால் கொட்டகையே இருமும். மாட்டு டாக்டரான உங்கள் மகள் இங்கே மருமகளாகி வந்த நாளிலிருந்து எந்தப் புது மாடும் நேராக உள்ளே போக முடியாது. தனிக் கொட்டகையில் இருந்து, ஊசி போட்டு, தீனி தின்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேரலாம். கேட்டில் கால் நனைத்துவிட்டு வர மருந்துத் தண்ணீர்த் தொட்டி வேறு. ஒரு நாள் யாரும் பார்க்கவில்லையென்று அதைத் தாண்டிக் குதித்து, அதற்குள்ளேயே விழுந்தேன். "பூட்ஸ் மட்டும் நனைச்சாப் போதும் மாமா" என்றாள்.

அன்று நீங்கள் இரண்டு கன்றுகளோடு லாரியில் வந்தபோது அவள் உள்ளே ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வாட்ச்மேனுக்குப் போனில், "புதுசா வந்ததைத் தனிக் கொட்டகைல விடுங்க, காய்ச்சல் பாருங்க, தண்ணி காட்டுங்க" என்றாள். அவன் வேலைக்குப் புதியவன். லாரியிலிருந்து முதலில் இறங்கியது நீங்கள். உங்களைத் தனிக் கொட்டகையில் உட்கார வைத்து அவன் வாளியை நீட்டியதையாவது பொறுத்துக்கொண்டீர்கள். அடுத்து அவன் எடுத்து வந்த மாட்டுத் தெர்மாமீட்டரை எங்கே வைப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். எழுந்து ஓடியதில் தவறே இல்லை.

கன்றுகளையும் அவள் அங்கேயே அடைத்தபோது எனக்கே பொறுக்கவில்லை. "அப்பா ஆசையாக் கொண்டு வந்ததும்மா" என்றேன். "யாரு கொண்டு வந்தாங்கன்னு சீக்குக்குத் தெரியுமா மாமா?" என்றாள். மறுநாளே இரண்டுக்கும் காய்ச்சல், மூக்கொழுகல். கூடவே இருந்து தேற்றிவிட்டாள். உள்ளே ஒரு மாடுகூட இருமவில்லை. சீக்கு வந்த பிறகு ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வருவதற்கு முன்பே கேட்டில் மறித்து நிற்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை, சம்பந்தி. ஆனால் மாடு தின்கிறதா என்று பார்க்கிறவள், நீங்கள் போனதிலிருந்து தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. உடனே கிளம்பி வாருங்கள். வாட்ச்மேனுக்கு மனுஷனையும் மாட்டையும் பிரித்துக் காட்டிவிட்டேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்கள் பசுவுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: தயவுசெய்து வராதீர்கள். மருமகள் கடிதத்தைப் படித்துவிட்டாள். "நானே போறேன் மாமா. ஆனா இது சீக்கு மாட்டைத் தொட்ட கை, அங்க நம்ம பசு இருக்கு. அப்பா என்னைக் கேட்லயே நிறுத்தி, கை கால் கழுவ வச்சுத்தான் உள்ள விடணும்" என்கிறாள். சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறாள். ஆகவே அவளைக் கேட்டிலேயே நிறுத்துங்கள் சம்பந்தி. ஒரு வாளித் தண்ணீரும் காட்டுங்கள்; தெர்மாமீட்டர் மட்டும் வேண்டாம்.