பரோலோ ஊற்றிய கறி

தெரேசியோவுக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள், வரிசைப்படி: முதலில், பண்ணைக்காரர் அவருடைய அப்பாவைத் திராட்சைத் தோட்டத்திலிருந்து விரட்டினார். அடுத்து, வேலைநிறுத்தம் செய்ததற்காக அரசாங்கம் இவரைச் சிறையில் போட்டது. பிறகு, இவரே கொடி பிடித்து உண்டாக்கிய கூட்டுறவு ஒயின் கிடங்கு ஒவ்வொரு தேர்தலிலும் இவரைத் தோற்கடித்தது. கடைசியாக, போன குளிர்காலத்துக் காய்ச்சல் மூக்கைப் பறித்துக்கொண்டு போனது. இப்போது ரோஜாவும் சாணமும் அவருக்கு ஒன்றுதான்.

கடைசி அநியாயம் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நம்பினார். தெரியவும் கூடாது. பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து தரம் சொல்வதுதான் கிடங்குத் தலைவரின் வேலை.

பழைய தலைவரை அன்று காலைதான் புதைத்தார்கள். ஆலங்கட்டி மழை பாதிக் கொடிகளை ஏற்கெனவே புதைத்திருந்தது. மாலையில் உறுப்பினர்கள் தெரேசியோ வீட்டில் சாப்பிட்டுவிட்டு, புதுத் தலைவருக்கு ஓட்டுப் போடுவதாக ஏற்பாடு. தோட்டம் மனைவி ஒட்டாவியா பேரில் இருந்ததால் அவளும் உறுப்பினர்.

"ஒட்டாவியா, கறிக்கு மலிவான ஒயின், அந்த பார்பேராவை ஊத்து. உசந்த ஒயின் பரோலோ மேஜைக்கு வரட்டும்."

"அந்தக் கறி பரோலோவுலதாங்க வேகணும்."

"பரோலோவைச் சட்டியில கொட்டுறது பண்ணைக்காரன் புத்தி! பாட்டாளி அதைக் குடிப்பான்!"

"சரிங்க."

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

விருந்தில் பரோலோ பாட்டிலிலிருந்து எல்லோருக்கும் ஊற்றினார். கோப்பையைத் தூக்கினார். மேடைப் பேச்சாளர் கண்ணுக்குக் கூட்டம்தான் தெரியும், கோப்பையின் நிறம் தெரியாது.

"தோழர்களே! முகர்ந்து பாருங்க! தார் வாசனை! அடியில காய்ஞ்ச ரோஜா! இதுதான் நம்ம பரோலோ!"

ஒரு மடக்கு குடித்தார். என்னவோ புளித்தது. பேச்சை நிறுத்தினால் ஓட்டு போய்விடுமே என்று இன்னொரு மடக்கும் குடித்துப் புகழ்ந்தார்.

பக்கத்துத் தோட்டத்துக் கவுதென்சியோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"தோழரே, இது பார்பேரா."

"பரோலோ இங்க இருக்கு," என்று ஒட்டாவியா கறிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு ரொட்டியால் தட்டை வழிக்கும் சத்தம்தான் கேட்டது.

"ஏண்டி, இப்படிக் கழுத்தறுத்தியே!"

"குளிர்காலத்துலேருந்து திரிஞ்ச பாலைக் குடிச்சிட்டு பிரமாதம்னீங்க. கெட்ட பீப்பாயையும் பிரமாதம்னுட்டா? மிச்சமிருக்கிற கொடியும் போயி, ஊரே பிச்சை எடுக்கும்."

ஆளாளுக்குப் பிடித்த பெயரை எழுதிப் போட்ட சீட்டுகளை எண்ணினார்கள். ஜெயித்தவர் பெயரைத் தோற்றவர் எழுந்து நின்று, சாட்சிகள் கேட்க உரக்கப் படிக்க வேண்டும். பண்ணைக்காரரின் ஆட்களை அவமானப்படுத்துவதற்காக, உண்ணாவிரதம் இருந்து அந்த விதியைக் கொண்டுவந்தவர் தெரேசியோ.

எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒட்டாவியா."

"சத்தமா, தோழரே!" என்றார் கவுதென்சியோ.

"ஒட்டாவியா!"