வவுனியாவுல ஏது கொடாப்பு?

எங்கூட்டுக்காரரு ஒரு நா கேபிள் டிவி வயரைக் கத்திரிச்சுப்போட்டாருங்க. பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. வெட்டறதுக்குத் துணி இல்லைன்னா வேற எதையாச்சும் வெட்டியாகோணும்.

"இனிமே இந்த ஊட்டுக்குள்ள சண்டைச் சேதியே வரப்படாது. அதைப் பார்த்துப்போட்டு நீ சோறு திங்கறதில்லை. பேத்தி சொல்லிக்குடுத்த கட்டம் ரொப்பற வெளையாட்டைக் கம்ப்யூட்டர்ல வெளையாடு. மனசு லேசாகும்."

"செரிங்க"ன்னேன்.

ரெண்டாயிரத்தி எட்டு. இலங்கையில சண்டை முத்திப்போன சமயம். பாவம், இவருக்கென்ன தெரியும்? சண்டை எங்கூட்டுக்குள்ள வந்ததே அந்தக் கட்டத்து வழியாத்தானுங்க.

குறுக்கெழுத்துப் புதிரு. இன்டர்நெட்டுல ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணு போடுவாங்க. எல்லாரும் விடையைக் குழுவுக்கு மெயில் பண்ணோணும். கனடாவுல ஒருத்தரு, மஸ்கட்டுல ஒரு நர்ஸு, இங்க நம்மூரு நல்லூர்ல நானு, வவுனியாவுல யோகம். யோகத்தை நேர்ல பார்த்ததில்லை. ஆனா "சுகமோ அக்கா"ன்னு ஆரம்பிச்சாள்னா கூடப்பொறந்தவ மாதிரி இருக்கும். கூடப்பொறந்தவ மயிலாள் சோமனூர்ல இருக்கறா. தறிச் சத்தத்துல அவ ஊட்டுக்காரருக்குக் காது மந்தம். ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் பேசுவாங்க. மருமகளைப் பத்திக் கொறை சொன்னா மூணாவது ஊட்டுல இருந்து பதில் வரும். அது கெடக்குது, உடுங்க.

கிளிநொச்சிப் பக்கம் இருக்கற மகளைக் கூட்டியாரப் போறேன்னு யோகம் எழுதுனா. போனா. ரோட்டை அடைச்சுட்டாங்க. அப்பறம் அவ விடை வரலே.

கேபிள் இல்லாமயே நான் சோத்தைத் தள்ளி வெச்சேன்.

"இன்னும் என்ன புள்ள உனக்கு?"

சொன்னேன். சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு.

அடுத்த ஞாயிறு, யோகம் பேருல மெயிலு! பாஸ்வேர்டு மறந்துபோயிப் புது ஐடியில இருந்து எழுதறாளாம். அடுப்பைக்கூட அணைக்காம ஓடித் தொறக்கறேன்: "ஏனுங்க அக்கா, நல்லா இருக்கறீங்களா?"

வவுனியாக்காரி எப்பங்க 'ஏனுங்க' கத்துக்கிட்டா?

கீழ விடை இருந்துச்சு. கோழியைக் கவுத்து மூடற கூடைக்கு அஞ்சு கட்டம். பஞ்சாரம்னு வரோணுமாம். எங்க பக்கத்துல அதுக்குப் பேரு கொடாப்புதான். ஒரு கட்டம் மிச்சங் கெடந்தாலும் கெடக்கட்டும்னு தாள்ல கொடாப்புன்னு எழுதி டிவி மேல வெச்சிருந்தேன். இன்னும் யாருக்கும் அனுப்பலே. யோகமும் கொடாப்பு! அவளுக்கும் ஒரு கட்டம் மிச்சம்!

"ஏனுங்க, காலையில எங்க போனீங்க?"

"ராபின் பிரவுசிங் சென்டருக்கு. ஃபேன் காத்து நல்லா வருது."

"நம்மூட்டு ஃபேனுக்கு என்னங்க?"

"அது வேற காத்து."

புடிச்சுத் திட்டிப்போடலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்தப் பேரு திரையில வந்து நின்னுச்சு பாருங்க, வாய் வரலே. அதோட உட்டனா? இல்லீங்களே.

"யோகம், எங்கூட்டுக்காரரு ஈரத்துண்டைக் கட்டில்ல போடறாரு"ன்னு எழுதுனேன். மறுநா துண்டு கொடியில தொங்குது. "எனக்கு ஒரு காபி போட்டுக்குடுக்க நாதியில்லை"ன்னேன். பொழுது விடியறப்ப டம்ளரோட நிக்கறாரு. "மயிலாளைப் பார்த்து வருசமாச்சு"ன்னேன்.

"ஏ புள்ள, சோமனூர் வரைக்கும் ஒரு எட்டுப் போலாமா?"

"அந்த ஊட்டு வாசலையே மிதிக்கமாட்டேன்னீங்க?"

"மனுசன்னா மாறோணும்."

யோகம் பதிலும் போட்டா: "உங்க ஊட்டுக்காரரு தங்கமான மனுசனுங்க அக்கா." சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. அங்க ரோடு அடைச்சுக் கெடந்துச்சு, நான் இங்க சிரிச்சுக்கிட்டிருந்தேன்.

அடுத்த வருசம் மே மாசம், சண்டை முடிஞ்சுதுன்னு கனடாக்காரரு ஒத்தை வரி எழுதுனாரு. அந்த ஞாயிறு குழுவுல ஒருத்தரும் விடை அனுப்பலே. யாருக்கு எழுதறோம்ங்கறதே எனக்கு மறந்துபோச்சுங்க. "யோகம், மக கெடைச்சாளா? ரெண்டு பேரும் எங்க இருக்கறீங்க?" அனுப்புனதுக்கப்பறந்தான் நெனப்பு வந்துச்சு.

அன்னைக்குப் பதில் வரலே. மறுநாளும் வரலே. காபி மட்டும் வந்துச்சு, சக்கரை இல்லாம.

சாயங்காலம் சமையக்கட்டு வாசப்படியில வந்து நின்னாரு.

"பூவாத்தா."

"ஏனுங்க?"

"அந்தப் பொண்ணோட மகளுக்குப் பேரென்ன?"

"எதுக்குங்க?"

"சும்மா கேட்டேன்."

யோசிச்சுப் பார்க்கறேன். கூடைக்குப் பேரு, குருவிக்குப் பேரு, ஆத்துக்குப் பேருன்னு வருசக்கணக்கா அவளைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கறேன். உம்மக பேரென்ன கண்ணுன்னு ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியாதுங்க"ன்னேன்.

அரிசி மூட்டை மேல அப்படியே உக்காந்துட்டாரு.

"அப்ப நான் என்னன்னு பூவாத்தா பதில் எழுதறது?"