பெண் பார்த்த கூடத்தில் கரித்தண்ணீர்

சும்மா உட்காரத் தெரியாதவனை, பெண் பார்க்க வரும் நாளில் வெளியூர் அனுப்பிவிடுவது நல்லது. எண்பதுகளில், உத்திரமேரூரில், எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை.

அப்போது நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். (காத்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடுகிற ஃபேனைக் கழற்றுவேன். அது ஓடாமல் போனால் ரேடியோ பக்கம் போய்விடுவேன்.) சென்னையில் ஒரு ஓட்டலில் பெரிய மீன்தொட்டியைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை செல்வியைப் பார்க்கச் சாலவாக்கத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், எங்கள் கூடம் வெறிச்சென்று இருப்பதாக நானே முடிவு கட்டினேன்.

இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு தொட்டி. அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே கூழாங்கல், அடுப்புக்கரி, பஞ்சு வழியாக வடியும். ஏர் கூலர் மோட்டார் அதை ரப்பர் டியூபில் திரும்ப மேலே ஏற்றும். தண்ணீர் மாற்றவே வேண்டாம்!

"இன்னாடா, கூடத்துல ஏரி கட்டிக்கினு கீறே?" என்றார் நைனா.

டியூபிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் என் அப்பாவான அவருக்குப் பெரிய பேஜார். "இத்தக் கேட்டாலே தோட்டத்துப் பக்கம் ஓடணும்போல கீது. நிறுத்துடா!"

நிறுத்துவதா? டியூப் முனையை மேல்தொட்டியின் அடிவரை இறக்கினேன். சத்தம் அடங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று பஸ் தாமதம். பஸ்ஸைப் பார்க்க வாசலுக்கு, மோட்டாரைத் தொட்டுப் பார்க்கக் கூடத்துக்கு, மறுபடி வாசலுக்கு. "செத்த குந்துடா, உன்னப் பார்த்தா எனக்குத் தல சுத்துது" என்று அம்மா கெஞ்சினாள். குந்தினேன். உடனே எழுந்தேன்.

ஒருவழியாக வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், வாயே திறக்கவில்லை. அவர் அப்பாவை, வெள்ளை வேட்டியோடு, ஜமக்காளத்தில் தொட்டியை ஒட்டி உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரே நாற்காலி. தங்கமீன்களைப் பார்த்து அந்தம்மா, "அயகா கீதே!" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது கரண்ட் போனது.

எல்லாரும் விசிறி தேடினார்கள். நான் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றதும், தண்ணீரை ஏற்றிய அதே டியூப் மேல்தொட்டியை அடியிலிருந்து உறிஞ்சிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தொட்டிக்கு அவ்வளவு பெரிய வயிறு இல்லை. கரியைக் கரைத்துக்கொண்டு பொங்கி வழிந்தது.

"இன்னாங்க, தரையில ஊத்து கீதா?" என்று கேட்டபடி எழுந்தார் மாப்பிள்ளையின் அப்பா. வேட்டியின் பின்பக்கம் தார் ரோடு போட்டது மாதிரி இருந்தது. அந்தம்மா இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

நான் என்ன செய்தேன்? பாய்ந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். (கரண்டே இல்லை என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.)

காபித் தட்டோடு வந்த செல்வி ஒரு கணம் பார்த்தாள். தட்டை மாப்பிள்ளை கையில் திணித்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேல்தொட்டியில் கைவிட்டு டியூபை உருவி எறிந்தாள். வெள்ளம் நின்றது.

"சுவிட்சுல இன்னாண்ணா கீது? டியூபப் புடுங்க வேணாமா?"

மாப்பிள்ளை தட்டைக் கீழே வைக்க இடமில்லாமல் நின்றபடியே சிரித்தார். சம்பந்தம் போயிற்று என்று அம்மா அழத் தொடங்கியபோது அவரே பேசினார்: "பொண்ணு புடிச்சிருக்கு. மச்சான் கையால செஞ்சத மட்டும் சீரா அனுப்பிடாதீங்க."

கல்யாணம் நடந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் போயின. தொட்டியில் நைனா நெல் கொட்டி வைத்தார்.

இன்றைக்கும் கரண்ட் போனால், செல்வி வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு என்னைத் தேடுவார்கள். போன மாதம் புதிதாக வந்த அவள் மருமகள் முதல் நாள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். மறுநாள் எல்லாருக்கும் முந்தித் தூக்கிக்கொண்டாள்.